தாது வருஷத்து வீடு: ஒரு செட்டிநாட்டு வீட்டின் காலத்தைச் சான்றுகளால் நிறுவிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில், நான்கு பங்காளிகளுக்குப் பொதுவான நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடு ஒன்று இருக்கிறது. முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடு அது. சில ஆண்டுகளுக்கு முன்பு அதைப் பழுதுபார்த்த பங்காளிகள், வீட்டின் வரலாற்றைச் சொல்லும் கல் ஒன்றை முகப்பில் பதிக்க விரும்பினார்கள். கல்லில் பொறிக்க வேண்டிய வாசகமும் ஏறத்தாழ முடிவாகியிருந்தது. வீடு 1876இல் கட்டப்பட்டது என்றும், தாது வருஷப் பஞ்சத்தில் ஊராருக்கு வேலை கொடுப்பதற்காகவே கட்டப்பட்டது என்றும், இதே வளவில் கஞ்சித் தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றப்பட்டது என்றும் அந்த வாசகம் கூறியது.

கல்லில் வெட்டிய பிறகு மாற்ற முடியாது, அதற்கு முன்பு யாராவது சரிபார்த்துவிட்டால் நல்லது என்று பங்காளிகளில் இளையவர் ஒருவர் கருதினார். அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் நானும் வரலாற்று முதுகலை மாணவி ஒருவரும் இந்த வேலையை எடுத்துக்கொண்டோம். ஊரின் பெயரையும் குடும்பத்தின் விலாசத்தையும் வெளியிடுவதில்லை என்பது தொடக்கத்திலேயே பேசி முடித்த நிபந்தனை.

1876 என்ற ஆண்டு வெறும் கற்பனையில் பிறந்ததன்று. முகப்பு நிலைக்கதவின் மேல், கஜலட்சுமிக்குக் கீழே, ‘தாது ௵ ஆவணி ௴’ என்று தேக்கில் தெளிவாகச் செதுக்கியிருக்கிறது (௵ வருஷத்தையும் ௴ மாதத்தையும் குறிக்கும்). தாது வருஷம் என்றால் பஞ்சம் என்பது இப்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததே. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அந்தப் பஞ்சம் இன்றும் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்றே பேசப்படுகிறது.

அச்சில் கிடைத்த சான்றுகள்

குடும்பத்தார் முதலில் எங்கள் முன் வைத்தவை மூன்று அச்சுச் சான்றுகள்: 1960களில் வெளியான ஒரு கோயில் கும்பாபிஷேக மலரில் உறவினர் ஒருவர் எழுதிய கட்டுரை, 1990களில் பங்காளிகள் அச்சிட்ட வம்சாவளிச் சிறு நூல், சுற்றுலாப் பயணிகளுக்கான துண்டுப் பிரசுரம். மூன்றுமே 1876 என்று கூறின. ‘மூன்று இடத்தில் அச்சாகியிருக்கிறது, பிறகு என்ன?’ என்று மூத்த பங்காளி கேட்டது இயல்பான கேள்விதான்.

மூன்றையும் அருகருகே வைத்து வரிக்கு வரி படித்தோம். வளவைச் சுற்றி 24 தூண்கள் என்று மூன்றிலும் இருக்கிறது. வளவில் நின்று எண்ணினால் 22 தூண்களே உள்ளன; தரையின் கல் பாவிலும் மேல் உத்தரத்திலும் இரண்டு தூண்களை எடுத்த தடயம் எங்கும் இல்லை. தனித்தனியே எண்ணிய மூவர் ஒரே தவறான எண்ணிக்கைக்கு வந்து சேர்வது அரிது. ஒருவர் எழுதியதை மற்ற இருவரும் எடுத்து எழுதியிருந்தால்தான் அது நேரும். கஞ்சித் தொட்டி பற்றிய வாக்கியமும் சொல் மாறாமல் மூன்றிலும் வந்திருந்தது. ஆகவே இம்மூன்றையும் ஒரே சான்றாகக் கொள்வதென்று முடிவு செய்தோம். எஞ்சிய அந்த ஒன்றும் மலர்க் கட்டுரையே. அதை எழுதியவர் தம் தாத்தா சொல்லக் கேட்டதாகக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே நேர்மையாகக் குறித்திருந்தார். பின்னால் வந்தவர்கள் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டார்கள். வாய்மொழியாகக் கேட்ட செய்தி, அந்த வரி விடுபட்ட இடத்தில்தான் வரலாற்றுச் செய்தியாக மாறிவிட்டது.

அறுபதாண்டுச் சுழற்சியும் தாத்தா பெயரும்

தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வருவன. 1876இல் வந்த தாது 1936இலும் வந்தது. நிலைக்கதவில் உள்ள எழுத்து இவ்விரண்டில் எதையும் சுட்டலாம்.

செட்டிநாட்டில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது இங்கு வழக்கம். அறுபது ஆண்டு என்பது ஏறத்தாழ இரண்டு தலைமுறை. எனவே ஆண்டின் பெயர் சுற்றி வரும்போது அதே பெயருடைய ஆளும் வீட்டுத் தலைவராக வந்து நிற்கிறார். பெயருக்கு முன்னால் போடும் விலாச எழுத்துகளும் தகப்பனார், பாட்டனார் பெயர்களிலிருந்தே வருவதால், தாத்தாவின் விலாசமும் பேரனின் விலாசமும் பல குடும்பங்களில் ஒன்றுபோலவே இருக்கும். இந்தக் குடும்பத்திலும் அப்படித்தான். ‘தாது வருஷத்தில் இன்னார் வீடு கட்டினார்’ என்று 1936ஐப் பற்றிச் சொன்னாலும் 1876ஐப் பற்றிச் சொன்னாலும் ஓர் எழுத்துகூட மாறாது. செட்டிநாட்டு ஆவணங்களில் தமிழ் ஆண்டும் விலாசமும் மட்டும் இருந்தால், அதைக் காலக்கணிப்புக்குத் தனிச் சான்றாக ஏற்கக் கூடாது என்பது இந்த ஆய்வில் நாங்கள் வகுத்துக்கொண்ட முதல் விதி.

கட்டடத்தைப் பார்த்தபோது

பர்மாத் தேக்கு, ஆத்தங்குடித் தளம், பெல்ஜியம் கண்ணாடி என்று பட்டியலிட்டு வீட்டின் வயதைக் கணிப்பவர்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை உதவாது. கீழ்ப் பர்மா 1852இலேயே ஆங்கிலேயர் வசமாகிவிட்டதால், இரண்டு தாது வருஷங்களிலும் அங்கிருந்து தேக்கு வந்திருக்க முடியும். தளத்தையும் சுவரில் பதித்த ஜப்பானியப் பளபளப்பு ஓடுகளையும் பின்னால் மாற்றியிருக்கலாம்.

உதவியது ஓர் இரும்பு உத்தரம். பட்டாலை எனப்படும் கூடத்தின் ஒரு மூலையில் மழைக் கசிவால் பூச்சு பெயர்ந்திருந்தது. அங்கே மேல்மாடியைத் தாங்கும் உத்தரத்தின் பக்கவாட்டில், ஆங்கில எழுத்துகளில் டாட்டா என்ற உருட்டு முத்திரை தெரிந்தது. டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் தொடங்கியது 1907இல். அதன் முதல் எஃகு வார்க்கப்பட்டது 1912இல். உத்தரம் பிற்காலத்தில் செருகப்பட்டதாக இருக்குமோ என்பதே இங்கு எழ வேண்டிய கேள்வி. அனுபவமுள்ள ஒரு கொத்தனாரை அழைத்துக் காட்டினோம். உத்தரத்தின் முனை சுவருக்குள் போகுமிடத்தில் செங்கல் வரிசை உடைபடாமல் அதன் மேலேறிச் செல்கிறது என்றும், சுண்ணாம்புப் பூச்சின் அடுக்குகள் வெட்டில்லாமல் ஒன்றாகத் தொடர்கின்றன என்றும் அவர் சுட்டிக்காட்டினார். சுவர் எழும்பும்போதே உத்தரமும் ஏறியிருக்கிறது. இதனால் பட்டாலையும் அதன் மேல்மாடியும் 1912க்குப் பிற்பட்டவை என்பது உறுதியாயிற்று. மற்றக் கட்டுகளைப் பற்றி இந்தச் சான்று எதுவும் சொல்லவில்லை. அதற்கு மேல் அதை நீட்டவும் கூடாது.

பதிவு அலுவலகம்

ஊர் சிவகங்கை ஜமீனுக்கு உட்பட்டிருந்தது. அரசு உழவர்களிடம் நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரிப் பகுதிகளில் கிடைப்பது போன்ற பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகளை ஜமீன் ஊர்களுக்கு எதிர்பார்க்க முடியாது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அவை ரயத்துவாரி முறைக்கு மாறின. ஆகவே வருவாய்த் துறையை விட்டுவிட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தை நாடினோம்.

கணினியில் எடுக்கும் வில்லங்கச் சான்று சில பத்தாண்டுகளுக்கு மேல் பின்னால் போகாது. அதற்கு முந்தியவற்றுக்குக் கையெழுத்து அட்டவணைப் புத்தகங்களைத் தேடித் தரும்படி மனுப் போட வேண்டும். சொத்தில் உரிமையுள்ள பங்காளியே மனுதாரராக இருந்தது இங்கு பெரிய வசதி. தேடலில் 1924ஆம் ஆண்டின் பாகப்பத்திரம் ஒன்றின் நகல் கிடைத்தது. அதில் இதே மனை, இதே நான்கெல்லையுடன், ‘ஓட்டு வீடும் கிணறும் அதன் பின்னுள்ள காலி மனையும்’ என்று விவரிக்கப்பட்டிருக்கிறது. மெத்தை வீடு, அதாவது மாடி வீடு, என்ற சொல்லே இல்லை. பாகப்பிரிவினையில் ஒவ்வொரு பங்காளியும் தம் பங்கு குறைந்துவிடாமல் கவனிப்பார். மாளிகை ஒன்றை ஓட்டு வீடு என்று எழுத நால்வரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். உரிமைக்காக எழுதிய ஆவணத்தில், உரிமை கோருவோர் ஒருவரையொருவர் கண்காணிக்கும் இடத்தில் வரும் செய்தி எப்போதும் கனமானது.

இந்தப் பத்திரத்துக்கு இன்னொரு பயனும் இருந்தது. ரத்தாட்சி என்ற தமிழ் ஆண்டும் 1924 என்ற ஆங்கில ஆண்டும் அதில் சேர்ந்தே இருந்தன. கையொப்பமிட்டவர்களில் ஒருவர்தான், அடுத்து நாங்கள் பார்த்த சிட்டைகளில் (செலவுக் கணக்குப் புத்தகங்களில்) வரும் வீட்டுத் தலைவர். எந்தத் தலைமுறை எந்தச் சுழற்சிக்கு உரியது என்பதை இந்த ஒரு முடிச்சிலிருந்துதான் கட்டி எடுத்தோம்.

கட்டுமானச் சிட்டைகள்

கணக்குப் பெட்டகம் இரண்டாம் கட்டின் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தது. அதிலிருந்த மூட்டைகளில் ஒரு பகுதி முன்னரே பழைய காகிதமாக எடைக்குப் போயிருந்தது. செட்டிநாட்டில் தூண்களையும் கதவுகளையும் காப்பாற்றப் பேசுகிற அளவுக்கு யாரும் பேரேடுகளைக் காப்பாற்றப் பேசுவதில்லை என்பதில் எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு. வட்டிக்கடையின் நாணயம் முழுவதும் அந்தப் பேரேடுகளில்தான் இருந்தது.

மூட்டைகளை அவிழ்க்கும் முன்பு, எது எதன் மேல் இருந்தது என்பதையும் கட்டிய துணியில் இருந்த குறிப்பையும் படம் எடுத்துக்கொண்டோம். பெட்டகத்தை விட்டு எதுவும் வெளியே போகக் கூடாது, கடன் கொடுத்தவர் வாங்கியவர் பெயருள்ள பக்கங்களைப் படமெடுக்கக் கூடாது என்ற இரு கட்டுப்பாடுகளைக் குடும்பத்தார் விதித்தார்கள். இரண்டும் நியாயமானவை, இரண்டையும் கடைப்பிடித்தோம்.

வீட்டுக் கட்டுமானச் செலவுக்கென்றே தனிச் சிட்டைகள் இருந்தன. அவற்றைப் படிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் மட்டுமே ஆண்டின் பெயர் வரும். அடுத்தடுத்த பக்கங்களில் மேற்படி என்பதற்குரிய ௸ என்ற குறியே ஆண்டின் இடத்தில் நிற்கும். முதல் தாள் போய்விட்டால் புத்தகம் முழுவதும் காலமற்றதாகிவிடும். ஒரு சிட்டைக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. அதன் முதல் பக்கத்து நிலுவைத் தொகை எந்தச் சிட்டையின் கடைசிப் பக்கத்துத் தொகையோடு பைசா மாறாமல் ஒத்துப்போகிறது என்று பார்த்து, மாணவி அதை வரிசையில் சேர்த்தார்.

சிட்டைகளின்படி வேலை விபவ வருஷத்தில் தொடங்குகிறது. சுக்கிலவில் செங்கலும் சுண்ணாம்பும் நிறைய வருகின்றன. பிரமோதூதவின் நடுவில் கொத்தர் கூலி நின்றுவிடுகிறது. அதன்பின் காவல்காரர் சம்பளம் மட்டும் மாதம் தவறாமல் எழுதப்படுகிறது. யுவவில் மறுபடியும் வேலை தொடங்கி, தாது ஆவணியில் புதுவீடு குடிபுகுந்த செலவோடு கணக்கு முடிகிறது.

பத்திரத்தில் கிடைத்த முடிச்சைக் கொண்டு கணக்கிட்டால் விபவ 1928, பிரமோதூத 1930, யுவ 1935, தாது 1936. இதற்கு மூத்த பங்காளி ஒரு வலுவான ஆட்சேபம் எழுப்பினார்: ‘1930க்கு மேலே பர்மாவில் தொழில் படுத்துவிட்டது. அந்த நேரத்தில் யார் இவ்வளவு பெரிய வீடு கட்டுவார்கள்?’ பர்மாவில் வட்டிக்கடை நடத்திவந்த நகரத்தாரைப் பொறுத்தவரை அவர் சொன்ன பின்னணி சரியே. உலகப் பொருளாதார மந்தத்தில் 1930 முதல் நெல் விலை வீழ்ந்தது, கடன் திரும்பவில்லை, கடனுக்கு ஈடாக வயல்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன, ரொக்கம் வரவில்லை. ஆனால் சிட்டை காட்டுவதும் அதைத்தான். செழிப்பில் தொடங்கிய வேலை 1930இல் நிற்கிறது. பணம் ஓரளவு புரண்ட பிறகே முடிக்கப்படுகிறது. ஆட்சேபமாக வந்த செய்தி, கணக்கில் இருந்த இடைவெளிக்கு விளக்கமாக அமைந்தது. இதே சிட்டைகளை அறுபது ஆண்டு பின்தள்ளி 1868இலிருந்து 1876 வரை என்று வைத்தால், அந்த இடைவெளிக்குக் காரணமும் இல்லை, டாட்டா உத்தரத்துக்கு இடமும் இல்லை.

கிழமையைக் கொண்டு மேலும் ஒரு சோதனை செய்தோம். குடிபுகுந்த நாளுக்குத் தேதியோடு கிழமையும் நட்சத்திரமும் எழுதியிருந்தார்கள். தமிழ்ச் சூரிய ஆண்டுகள் அறுபதுக்கு 21,915 அல்லது 21,916 நாட்கள். அதை ஏழால் வகுத்தால் மிச்சம் ஐந்தோ ஆறோ வரும், பூச்சியம் வராது. ஆகவே அடுத்தடுத்த இரு தாது வருஷங்களில் ஒரே ஆவணித் தேதி ஒரே கிழமையில் விழ வழியே இல்லை. பஞ்சாங்கக் கணக்கோடு ஒப்பிட்டபோது கிழமையும் நட்சத்திரமும் 1936க்குப் பொருந்தின, 1876க்குப் பொருந்தவில்லை. இதற்கு ஒரு தாளும் பழைய பஞ்சாங்கமும் போதும். இவ்வளவு எளிய சோதனையை உள்ளூர் வரலாறு எழுதுவோர் பயன்படுத்தாமலிருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஆச்சி சொன்னவை

குடும்பத்தின் மிக மூத்தவரான ஓர் ஆச்சி அப்போது தொண்ணூறைக் கடந்திருந்தார். அவரிடம் ஆண்டு எதுவும் கேட்பதில்லை, வீட்டைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்வது என்று முடிவு செய்திருந்தோம். 1876 என்றோ 1936 என்றோ நாமே எடுத்துக் கொடுத்தால், வரும் விடை நம்முடையதாகிவிடும்.

‘நான் கல்யாணமாகி வந்தப்ப வீடு புதுசு. சுண்ணாம்பு வாசம் போகலை. எங்க மாமியா பத்தியில சாஞ்சு உக்காரக் கூடாதும்பாக’ என்று அவர் சொன்னார். பத்தி என்பது தாழ்வாரம். அவருடைய திருமணத்தின் இசைகுடிமானம், அதாவது திருமண ஒப்பந்த ஏடு, பெட்டியில் பத்திரமாக இருந்தது. வெகுதானிய வருஷம், அதாவது 1938. அவர் வேறு ஊரில் பிறந்து வளர்ந்தவர். மலர்க் கட்டுரையைப் படித்தவரும் அல்லர். தம் கண்ணால் கண்டதை, ஆண்டு பற்றிய கவலையே இல்லாமல் சொன்னார். அதனால் இதைத் தனித்து நிற்கும் சான்றாக ஏற்றுக்கொண்டோம்.

பேச்சின் நடுவே அவர் இன்னொன்றும் சொன்னார்: ‘கஞ்சி ஊத்துனது இந்த வீட்டுல இல்லை. அது பழைய வீட்டுல, இவுக ஐயாவோட ஐயா காலத்துல.’

கஞ்சி வகை ஓலை

ஆச்சியின் சொல்லால் தேடல் திசை மாறியது. அதுவரை நாங்கள் ஓர் ஆண்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது ஒரு நினைவு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதாயிற்று. பெட்டகத்தின் அடியில் இருந்த ஓலைக் கட்டில், ‘கஞ்சி வகைக்கு’ என்ற தலைப்போடு அரிசி, உப்பு, விறகு ஆகியவற்றின் செலவுகளைச் சொல்லும் சில ஓலைகள் கிடைத்தன. ஆண்டு, ஈசுவர.

ஈசுவர 1817, 1877, 1937 ஆகிய மூன்றாண்டுகளிலும் வந்தது. எழுத்தின் அமைப்பை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. ஓலை எழுதுபவரின் கை பழைய மரபையே நெடுங்காலம் பின்பற்றும். தொகைகள் ரூபாயில் இருந்தன. சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாய் நியம நாணயமானது 1818இல். அதற்கு முன் கணக்குகள் வராகன், பணம் என்ற பழைய நாணயங்களில் இருந்தன. எனவே 1817 விலகியது. அடுத்து, ஓலையில் ரூபாய்க்கு இத்தனை படி என்று அரிசி விலை இருந்தது. அதே வீட்டின் 1936, 1937ஆம் ஆண்டுச் சிட்டைகளோடு ஒப்பிட்டால், ஓலையில் ரூபாய்க்குக் கிடைத்த படி குறைவு. அறுபது ஆண்டு முந்திய விலை பிந்தியதை விட உயர்ந்திருக்க வேண்டுமானால் அது பஞ்ச காலமாகத்தான் இருக்க முடியும். 1877 என்பதே பொருந்துகிறது. செலவு எழுதிய இடம் ‘கீழத் தெரு வீடு’. இப்போதைய வீடு இருப்பது வேறு தெருவில்.

சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பஞ்ச நிவாரணக் கோப்புகளையும் பார்த்தோம். இந்த ஊரின் தனியார் தருமம் எதுவும் அவற்றில் இல்லை. அக்கோப்புகள் சர்க்கார் செய்த செலவுக்குக் கணக்குக் காட்ட எழுந்தவை. அங்கே பெயர் இல்லாததைக் கொண்டு கஞ்சியே ஊற்றவில்லை என்று சொல்ல முடியாது. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களின் சேகரிப்பிலிருந்து உருவாகி இப்போது சென்னையில் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்தில், செட்டிநாட்டிலிருந்து வெளிவந்த பழைய இதழ்களிலும் குடிபுகு விழாச் செய்தியைத் தேடினோம். அந்த மாதத்துக்குரிய இதழ்கள் கைக்கு எட்டவில்லை.

முடிவும் பின்விளைவும்

குடும்பத்தாருக்கு அளித்த அறிக்கையில் ஒவ்வொரு செய்திக்கும் அதன் உறுதியைத் தனியே குறித்தோம். வீடு 1928இல் தொடங்கி 1936இல் குடிபுகப்பட்டது என்பது பத்திரம், கட்டடம், சிட்டை, ஆச்சியின் சொல் ஆகிய ஒன்றையொன்று சாராத நான்கு சான்றுகளால் உறுதி. குடும்பத்தார் 1877இல் கஞ்சி ஊற்றியது ஓலையாலும் வாய்மொழியாலும் ஏறத்தாழ உறுதி. ஊராருக்கு வேலை கொடுக்கவே வீடு கட்டப்பட்டது என்பதற்குச் சான்று இல்லை.

முன்னோரை வழிபடும் படைப்புக்காகப் பங்காளிகள் கூடியபோது அறிக்கை வாசிக்கப்பட்டது. வீட்டின் வயதில் அறுபது ஆண்டு குறைவதைச் சிலர் மரியாதைக் குறைவாகவே உணர்ந்தார்கள். கஞ்சி ஓலையைக் கையில் வாங்கிப் படித்த பிறகு பேச்சின் போக்கு மாறியது. பஞ்சத்தில் சோறிட்ட செய்தி பொய்யாகவில்லை, எழுத்துச் சான்றோடு நிலைபெற்றது என்பதை மூத்த பங்காளியே எடுத்துச் சொன்னார். கல்லில் 1928–1936 என்ற ஆண்டுகளும், பழைய கீழத் தெரு வீட்டில் கஞ்சி ஊற்றிய செய்தி தனி வரியாகவும் பொறிக்கப்பட்டன. ஒரு பங்காளி மட்டும் இதை ஏற்கவில்லை. துண்டுப் பிரசுரத்தில் இன்றும் 1876 என்றே அச்சாகிறது.

இனி மாற்ற வேண்டியவை

இத்தகைய வேலையில் வயது முதிர்ந்தவரிடம் பேசுவதே முதல் நாள் வேலையாக இருக்க வேண்டும். பத்திரமும் ஓலையும் காத்திருக்கும். ஆச்சி இரண்டாவது உரையாடலுக்கு முன்பே காலமாகிவிட்டார். பழைய வீட்டைப் பற்றி அவரிடம் கேட்பதற்கென்று எழுதிவைத்த கேள்விகள் மாணவியின் நோட்டில் அப்படியே இருக்கின்றன.

பதிவு அலுவலகத்து மனுவையும் தொடக்கத்திலேயே போட்டுவிட வேண்டும். இரு தேதிகளும் உள்ள ஓர் ஆவணம் கையில் வந்த பிறகு பெட்டகத்தைத் திறந்தால், மூட்டைகளை அடையாளம் காணும் வேலை பாதியாகக் குறையும். ஏடுகளைத் துடைத்துப் பூச்சி அரிக்காமல் வைப்பதற்கான செலவையும் ஆய்வுச் செலவோடு சேர்த்துக் குடும்பத்தாரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

மூட்டைகளின் பட்டியல் இரண்டு பிரதிகளாக எழுதப்பட்டு, ஒன்று பெட்டகத்திலும் மற்றொன்று இளைய பங்காளியிடமும் இருக்கிறது. பர்மாக் கடையின் பேரேடுகளும் ஐந்தொகைகளும் (இருப்புநிலைக் கணக்குகளும்) அந்தப் பட்டியலில் தனியே குறிக்கப்பட்டுள்ளன; கடன்பட்டோர் பெயர்களை மறைத்துப் படிக்க அனுமதி தருவது பற்றிப் பங்காளிகள் இப்போது பேசி வருகிறார்கள்.